டிராக்டர் கிளம்ப மறுக்கிறதா? பழுதைக் கண்டறியும் முறை

தருமபுரி மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் உழவுக்கும் விதைப்புக்கும் கிடைக்கும் காலம் மிகக் குறுகியது. பென்னாகரம், பாலக்கோடு, அரூர் வட்டாரங்களின் செம்மண் மழைநீரை விரைவில் குடித்து விரைவில் உலர்ந்துவிடும். ஆடிப் பட்டத்தில் ஒரு நல்ல மழை பெய்தால், நிலக்கடலையோ ராகியோ சாமையோ விதைப்பதற்கான ஈரம் சில நாட்களே நிற்கும். அந்தச் சில நாட்களில் ஊரிலுள்ள ஒன்றிரண்டு டிராக்டர்களுக்குப் பத்துப் பதினைந்து பேர் முறை வைத்துக் காத்திருப்பார்கள். அன்று காலை டிராக்டர் கிளம்பாவிட்டால் நட்டம் அதன் சொந்தக்காரருக்கு மட்டுமல்ல. வரிசையின் கடைசியில் நிற்கும் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் உழவருக்கே நட்டம் அதிகம். அவருடைய முறை வரும்போது நிலத்தில் ஈரம் இருக்காது.

இத்தகைய நாளில் பொதுவாக நடப்பது என்ன? சாவியைத் திரும்பத் திரும்பத் திருகிப் பாட்டரியை இறக்கிவிடுகிறார்கள். பிறகு பம்பு, நாசில் என்று விலை உயர்ந்த பாகங்களைக் கழற்ற முற்படுகிறார்கள். ஆனால் கிளம்பாத டிராக்டரில் குறை பெரும்பாலும் சிறியதாகவே இருக்கும். தளர்ந்த பாட்டரி இணைப்பு, டீசல் குழாயில் புகுந்த காற்று, அடைத்துக்கொண்ட பில்டர் ஆகியவையே அடிக்கடி காணும் காரணங்கள். இவற்றைக் கண்டறிய இரண்டு ஸ்பேனர்களும், ஒரு கண்ணாடிப் பாட்டிலும், பொறுமையும் போதும். எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்னும் வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

எஞ்சினுக்கு வேண்டிய மூன்று

டீசல் எஞ்சினில் பெட்ரோல் எஞ்சினில் உள்ளதைப் போன்ற ஸ்பார்க் பிளக் கிடையாது. 1897-ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் என்னும் பொறியாளர் ஓட்டிக் காட்டிய எஞ்சினின் தத்துவமே இன்றைய டிராக்டரிலும் உள்ளது. சிலிண்டருக்குள் வரும் காற்றைப் பிஸ்டன் சுமார் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைப் பலரும் கவனித்திருப்பார்கள். அதைப் போலவே அழுத்தப்பட்ட காற்று 500 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் நாசில் டீசலைப் புகைபோலத் தெளிக்கும்போது அது தானே தீப்பற்றுகிறது.

ஆகவே எஞ்சின் கிளம்ப மூன்று தேவை. முதலாவது, எஞ்சின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் காற்று கசிந்து, சூடும் குறைந்துவிடும். இரண்டாவது, காற்றும் தண்ணீரும் கலக்காத சுத்தமான டீசல் நாசில் வரை வர வேண்டும். மூன்றாவது, சிலிண்டருக்குப் போதிய காற்று கிடைத்து, அது நன்றாக அழுத்தப்பட வேண்டும். இம்மூன்றில் எது குறைகிறது என்று கண்டுபிடிப்பதே பழுது பார்ப்பதன் முதல் பாதி.

இதற்கு இரண்டு கேள்விகள் உதவும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறதா? சுற்றினால், சைலன்சரில் புகை வருகிறதா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் குறை எந்தப் பகுதியில் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

கை வைக்கும் முன்

கியர் நியூட்ரலில் இருக்க வேண்டும். கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். எஞ்சினை நிறுத்த இழுக்கும் ஸ்டாப் கம்பி முழுவதும் உள்ளே தள்ளப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முந்தைய நாள் மாலை இழுத்த கம்பி மறுநாள் காலையிலும் அப்படியே இருந்தால், எவ்வளவு சுற்றினாலும் டீசல் வராது. இந்தச் சிறு மறதிக்காக மெக்கானிக்கைத் தேடிப் போவதும் உண்டு. பல டிராக்டர்களில் கிளட்சை முழுவதும் மிதித்தால்தான், அல்லது பி.டி.ஓ. லீவர் நியூட்ரலில் இருந்தால்தான் செல்ப் வேலை செய்யும். டாங்கில் டீசல் இருக்கிறதா, டாங்கின் அடியிலுள்ள குழாய் திறந்திருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும்.

முந்தைய நாள் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகி நின்றிருந்தால் சாவியைத் தொடக் கூடாது. முதலில் ஆயில் கம்பியை எடுத்துப் பார்க்க வேண்டும். ஆயில் பால் கலந்த காப்பியைப் போல இருந்தால் அதில் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் எஞ்சினைச் சுற்றினால் செலவு பல மடங்காகும்.

எஞ்சின் சுற்றவே இல்லை என்றால்

இங்கே குறை மின்சாரப் பகுதியில் இருக்கவே வாய்ப்பு அதிகம். இதை அறிய எளிய வழி முன்விளக்குதான். விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்ப வேண்டும். ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் சற்று விலகி, பக்கவாட்டில் நின்று விளக்கைக் கவனிக்கலாம்.

விளக்கே எரியவில்லை என்றால், பாட்டரி முழுவதும் இறங்கியிருக்கும்; அல்லது பாட்டரி இணைப்பு விட்டிருக்கும்; அல்லது பியூஸ் போயிருக்கும்.

விளக்கு நன்றாக எரிந்து, சாவியைத் திருப்பியதும் மங்கி அணைந்துபோனால், பாட்டரி பலவீனமாக இருக்கும். அல்லது பாட்டரி முனையில் உப்புப் பூத்து மின்சாரம் தடைபடும். இந்நிலையில் ‘டிக், டிக்’ என்ற ஓசை மட்டும் கேட்பதும் உண்டு.

விளக்கு மங்காமல் எரிந்தும் எந்த ஓசையும் இல்லை என்றால், பாட்டரியைக் குறை சொல்ல வேண்டியதில்லை. சாவி சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச், செல்ப் மோட்டாருக்குப் போகும் சிறு கம்பி ஆகியவற்றில் ஒன்று விட்டிருக்கும்.

பாட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ உப்புப் பூத்திருந்தால், முதலில் மைனஸ் கம்பியையும் பிறகு பிளஸ் கம்பியையும் கழற்ற வேண்டும். வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாள் கொண்டு பளபளப்பாகத் தேய்க்க வேண்டும். கழுவும் நீர் பாட்டரியின் உள்ளே போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். மாட்டும்போது பிளஸ் முதலிலும் மைனஸ் கடைசியிலும் வர வேண்டும். நன்றாக முறுக்கியபின் மேலே வாசலின் தடவலாம். மைனஸ் கம்பியின் மறுமுனை டிராக்டரின் உடம்பில் இணையும் இடத்தையும் துருப்போகத் தேய்க்க வேண்டும். பலர் இந்த இடத்தை மறந்துவிடுகிறார்கள்.

மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருப்பது நல்லது. ஓய்விலிருக்கும் நல்ல பாட்டரியில் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி இறங்கிவிட்டது. 12-க்கும் கீழே என்றால் சார்ஜ் செய்தே ஆக வேண்டும். சாவியைத் திருப்பி எஞ்சினைச் சுற்றும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பாட்டரி நலிந்துவிட்டது எனலாம்.

பாட்டரியில் தண்ணீர் குறைந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். இந்த மாவட்டத்தின் பல பகுதிகளில் ஆழ்குழாய்க் கிணற்று நீரில் உப்புகள் அதிகம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இங்கு கொண்டுவரப்பட்டது. அத்தகைய நீரைப் பாட்டரியில் ஊற்றினால் தகடுகள் கெட்டுப் பாட்டரியின் ஆயுள் குறையும். தகடுகள் மூழ்கி, அவற்றுக்கு மேல் சுமார் 10 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் போதும்.

வேறொரு வண்டியின் பாட்டரியிலிருந்து மின்சாரம் எடுப்பதானால் இரண்டும் 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். பிளஸுக்குப் பிளஸ் முதலில் இணைக்க வேண்டும். பிறகு கறுப்புக் கம்பியின் ஒரு முனையை நல்ல பாட்டரியின் மைனஸிலும், மறுமுனையைக் கிளம்பாத டிராக்டரின் எஞ்சின் உடம்பில் பாட்டரிக்குத் தொலைவான ஓர் இடத்திலும் மாட்ட வேண்டும். பாட்டரியிலிருந்து வெளிவரும் ஹைட்ரஜன் வாயு சிறு பொறியிலும் வெடிக்கக் கூடியது. அருகில் பீடி, தீக்குச்சி கூடாது.

சுற்றுகிறது, ஆனால் புகையே இல்லை என்றால்

எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றியும் சைலன்சரில் சிறிதும் புகை வரவில்லையானால், டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. டாங்கிலிருந்து நாசில் வரை டீசல் போகும் வழியை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். நடுவிலிருந்து தொடங்கக் கூடாது.

முதலில் டாங்க் மூடியைச் சற்றுத் திறந்து பார்க்கலாம். மூடியிலுள்ள காற்றுத் துளையைச் செம்மண் தூசி அடைத்திருந்தால் டீசல் இறங்காது. அடுத்து, முதல் பில்டரின் அடியிலுள்ள திருகைத் தளர்த்திக் கொஞ்சம் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடிக்க வேண்டும். அதை அரைமணி நேரம் அசையாமல் வைத்தால் தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கும். டீசலைவிடத் தண்ணீர் கனமானது. தண்ணீர் கண்டால், சுத்தமான டீசல் வரும்வரை டாங்கையும் பில்டரையும் வடிக்க வேண்டும். கறுத்த வண்டல் வந்தால் பில்டரை மாற்றும் காலம் வந்துவிட்டது. காகித பில்டரைக் கழுவி மீண்டும் போடுவது தவறு. அதனால் தப்பிச் செல்லும் தூசு பம்பையும் நாசிலையும் அரித்துவிடும்.

டாங்க் வற்றி நின்ற டிராக்டரிலும், பில்டர் மாற்றிய டிராக்டரிலும் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கும். இதையே ஏர் லாக் என்கிறார்கள். டீசலை அழுத்த முடியாது, காற்றை அழுத்தலாம். குழாயில் காற்று இருந்தால் பம்பு அந்தக் காற்றையே அழுத்திக்கொண்டிருக்கும், நாசில் திறக்காது.

காற்றை எடுக்கும் முறை

டாங்கில் போதிய டீசல் ஊற்றிக் குழாயைத் திறந்து வைக்க வேண்டும். முதல் பில்டரின் மேலுள்ள காற்றுத் திருகை இரண்டு சுற்றுத் தளர்த்தி, பீட் பம்பின் கைப்பிடியைக் கையால் அடிக்க வேண்டும். முதலில் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று டீசல் மட்டும் வரும்போது, அடித்துக்கொண்டே திருகை முறுக்க வேண்டும். இரண்டாவது பில்டரிலும், பிறகு பெரிய பம்பின் மேலுள்ள திருகிலும் இதையே செய்ய வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

இதன் பிறகும் கிளம்பாவிட்டால், நாசில்களுக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டுகளை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, ஆக்சிலரேட்டரை முழுவதும் வைத்து எஞ்சினைச் சுற்ற வேண்டும். டீசல் விட்டு விட்டுத் தெறிக்கத் தொடங்கியதும் நட்டுகளை முறுக்கிவிடலாம். அப்போது முகத்தையும் கையையும் விலக்கி வைக்க வேண்டும். நாசிலின் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக் கூடியது. அப்படி ஏற்பட்டால் காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

காற்று எடுத்தபின் ஓடி, மீண்டும் மீண்டும் நின்றால், எங்கோ காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. டாங்குக்கும் பீட் பம்புக்கும் இடையிலுள்ள ரப்பர்க் குழாய், கிளிப்பு, வாஷர்களைப் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் டீசல் வெளியே கசியாமலே காற்று உள்ளே போகலாம். வெடித்த ரப்பர்க் குழாயும் பழைய செம்பு வாஷரும் சில ரூபாய்ப் பொருள்கள். ஆனால் அவற்றால் ஒரு நாள் உழவே நின்றுபோகும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. 2023-ஆம் ஆண்டு ஜனவரி முதல் 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்குக் கடுமையான புகை விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. இவ்வகை டிராக்டர்களில் கம்ப்யூட்டரால் இயங்கும் காமன் ரெயில் அமைப்பு இருக்கும். அதன் குழாய்களில் அழுத்தம் மிக மிக அதிகம். அவற்றில் நாசில் குழாய் நட்டுகளைத் தளர்த்தவே கூடாது. மேலே சொன்ன முறை, சிறு உழவர்களின் ஊர்களில் பெரும்பாலும் ஓடும் 35, 45 குதிரைத் திறன் கொண்ட சாதாரணப் பம்பு டிராக்டர்களுக்கே பொருந்தும்.

புகை வருகிறது, ஆனால் கிளம்பவில்லை என்றால்

வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று பொருள். காரணம் சூடு போதாமை. மார்கழி, தை மாதக் குளிரில் வத்தல்மலை போன்ற உயரமான இடங்களில் இது அதிகம் காணப்படும். முதலில் எஞ்சின் சுற்றும் வேகத்தைக் கவனிக்க வேண்டும். வழக்கத்தைவிட மெதுவாகச் சுற்றினால் மீண்டும் பாட்டரிக்கே திரும்ப வேண்டும். ஹீட்டர் உள்ள டிராக்டரில் அதை விதிப்படி சூடாக்கியபின் சாவியைத் திருப்ப வேண்டும். டீசலில் தண்ணீர் கலந்திருந்தாலும் வெள்ளைப் புகை வரலாம். நல்ல பாட்டரி, சுத்தமான டீசல் இருந்தும் நாள்தோறும் வெள்ளைப் புகையுடன் கிளம்ப மறுத்தால், பிஸ்டன் ரிங்கோ வால்வோ தேய்ந்து அழுத்தம் குறைந்திருக்கலாம். நாசில் சரியாகத் தெளிக்காமலும் இருக்கலாம். இது மெக்கானிக்கின் வேலை.

கரும்புகை வந்தால் டீசல் போகிறது, காற்று போதவில்லை. ஏர் கிளீனரைத் திறந்து பார்க்க வேண்டும். புழுதி உழவிலும், அறுவடைக் களத்திலும் ஓடிய டிராக்டரில் ஏர் கிளீனர் விரைவில் அடைத்துவிடும். ஆயில் ஊற்றும் வகையானால் பழைய ஆயிலைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி, குறித்த கோடு வரை புதிய ஆயில் ஊற்ற வேண்டும். கோட்டுக்கு மேல் ஊற்றுவதும் கெடுதல். காகித வகையானால் மெல்லத் தட்டித் தூசை நீக்கலாம். கிழிந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

செய்யக் கூடாதவை

சாவியை ஒரு முறைக்கு 10 விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது. அடுத்த முயற்சிக்கு முன் அரை நிமிடமாவது விட வேண்டும். இல்லையேல் செல்ப் மோட்டார் சூடேறி எரிந்துவிடும்.

சாவி வேலை செய்யவில்லை என்று தரையில் நின்றபடி செல்ப் மோட்டாரின் இரு முனைகளையும் திருப்புளியால் இணைப்பது உயிருக்கே ஆபத்து. இப்படிச் செய்யும்போது கிளட்ச் சுவிட்ச், நியூட்ரல் சுவிட்ச் ஆகிய பாதுகாப்புகள் அனைத்தும் பயனற்றுப் போகின்றன. கியர் விழுந்திருந்தால் எஞ்சின் கிளம்பிய நொடியே பின்சக்கரம் அருகில் நிற்பவர் மேல் ஏறிவிடும். இவ்வாறு உழவர்கள் இறந்ததும் உண்டு. டிராக்டரை எப்போதும் இருக்கையில் அமர்ந்தே கிளப்ப வேண்டும்.

காற்று போகும் வழியில் ஈதர் ஸ்பிரேயோ பெட்ரோலோ தெளிப்பதும் கூடாது. பிஸ்டன் உடையலாம், தீப்பிடிக்கலாம். சரிவில் உருட்டிக் கிளப்புவதும் நல்லதல்ல. எஞ்சின் ஓடாதபோது பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். சரிவில் வேகம் கூடினால் வண்டி கைக்கு அடங்காமல் போகலாம்.

பவர் டில்லரும் சிறு எஞ்சின்களும்

கையால் சுற்றிக் கிளப்பும் பவர் டில்லருக்கும், டீசல் பம்புசெட்டுக்கும் இதே வரிசைதான். பாட்டரிக்குப் பதிலாக உழவரின் கை. டீசல், காற்று, அழுத்தம் ஆகியவை மாறவில்லை. ஹேண்டிலைச் சுற்றும்போது வழக்கமான தடை இல்லாமல் எளிதாகச் சுற்றினால் அழுத்தம் குறைந்திருக்கிறது என அறியலாம். பெட்ரோலில் ஓடும் சிறு களையெடுப்பான்களில் மட்டும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, கரி படிந்திருந்தால் துடைத்துப் பார்க்க வேண்டும். பல மாதம் தொட்டியில் தங்கிய பெட்ரோல் கெட்டுப்போகும். அதைக் கொட்டிவிட்டுப் புதிது ஊற்ற வேண்டும்.

மழைக்கு முன்பே செய்ய வேண்டியவை

ஆடிக்கு ஒரு மாதம் முன்னரே பாட்டரியின் நீரும் முனைகளும், டீசல் பில்டர், ஏர் கிளீனர், பேன் பெல்ட் ஆகியவற்றைப் பார்த்துவிட வேண்டும். தளர்ந்த பெல்ட்டால் பாட்டரிக்குச் சார்ஜ் ஏறாது. வேலை முடிந்த மாலையிலேயே டாங்கை நிரப்பி வைப்பது நல்ல பழக்கம். பாதி காலியான டாங்கில் இரவுக் குளிரில் ஈரம் படிந்து தண்ணீராகி டீசலில் இறங்கும். கேனில் வாங்கிவைக்கும் டீசலை ஒரு நாள் அசையாமல் வைத்து, அடிவண்டலை விட்டுவிட்டு, மெல்லிய துணியில் வடித்து ஊற்ற வேண்டும். வேலையில்லாத மாதங்களிலும் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட வேண்டும்.

பம்பு, நாசில், வால்வு இவற்றில் உழவர் கை வைக்க வேண்டாம். அவற்றைச் சரிசெய்யத் தனிக் கருவியும் அளவும் வேண்டும். ஆனால் மெக்கானிக்கை அழைக்கும்போது, ‘வண்டி கிளம்பவில்லை’ என்று மட்டும் சொல்லாமல், ‘நன்றாகச் சுற்றுகிறது, புகையே இல்லை, காற்று எடுத்துப் பார்த்தாயிற்று’ என்று சொன்னால், அவர் அதற்கேற்ற பொருளுடன் வருவார். அரூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ இரண்டாம் முறை வர வேண்டிய செலவும் நேரமும் மிச்சமாகும்.

டிராக்டர் பராமரிப்பில் பயிற்சி பெற விரும்பும் இளைஞர்கள் பாப்பாரப்பட்டி வேளாண்மை அறிவியல் நிலையத்திலும், மாவட்ட வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்திலும் விவரம் கேட்கலாம். ஆந்திர மாநிலம் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில் மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிலையமும் உள்ளது. ஊருக்கு ஒருவராவது இதைக் கற்றிருந்தால், மழை பெய்த மறுநாள் அந்த ஊரின் டிராக்டர்கள் நிற்காமல் ஓடும். கடைசி முறைக்காரரின் நிலமும் ஈரத்திலேயே விதைக்கப்படும்.